நிலத்தின் பெயரும் நீரின் நினைவும்: வெள்ளப் பகுதி வரைபடங்கள் குறித்து ஒரு மொழியியல் நோக்கு



இன்றைய உரையின் தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர், ஒலியனும் உருபனும் கற்பித்தவருக்குக் கால்வாயோடும் வடிகாலோடும் என்ன வேலை என்று வினவினார். நியாயமான வினாவே. நான் பொறியாளன் அல்லன். நகரமைப்பு வல்லுநனும் அல்லன். ஆயினும் ஒரு நாட்டில் எந்த நிலத்தில் வெள்ளம் வரும், எங்கே மண் சரியும் என்று வரையறுத்து, அங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்று விதிக்கும்போது, அவ்விதி சொற்களால்தான் எழுதப்படுகிறது. வரைபடத்தில் கோடுகளும் வண்ணங்களும் இருக்கலாம். அவை இன்னவை என்று சொல்வது ஓரத்தில் உள்ள குறிப்பு. அந்தக் குறிப்பு மொழியைச் சேர்ந்தது. ஆகவே அதைப் பற்றிப் பேச எனக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

கதவு நிலையில் ஒரு கோடு

என் இளமைக்காலம் பொத்தோங் பாசிரில், கம்பத்து வீட்டில் கழிந்தது. காய்கறித் தோட்டங்களும் மீன் குளங்களும் நிறைந்த பகுதி அது. ‘பொத்தோங் பாசிர்’ என்றால் மலாயில் மணல் வெட்டுதல் என்று பொருள். மணல் வெட்டிய இடம் பள்ளமாகத்தானே இருக்கும்! மழை வலுத்தால் எங்கள் வீட்டுக்குள் நீர் வரும். ஒவ்வொரு முறையும் நீர் வடிந்தபின் என் தந்தையார் செய்த முதல் வேலை, கதவு நிலையில் நீர் நின்ற மட்டத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதன் அருகே ஆண்டை எழுதுவது. அரிசிப் பானையை எந்தப் பலகையில் வைப்பது, பள்ளிப் புத்தகங்களை எந்த உயரத்தில் அடுக்குவது என்பதெல்லாம் அந்தக் கோடுகளைப் பார்த்தே எங்கள் வீட்டில் முடிவு செய்யப்பட்டன. கடந்த வெள்ளத்தை அளந்து குறித்து, வரும் வெள்ளத்துக்கு முன் இடத்தின் பயன்பாட்டை ஒழுங்குசெய்வது என்ற முறையை நான் முதன்முதலில் கற்றது அங்கேதான்.

1978 டிசம்பர் 2ஆம் நாள் பெய்த மழை, அக்கோடுகள் எல்லாவற்றையும் கடந்தது. அன்று பாய லேபாரில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 512.4 மில்லிமீட்டர். இன்றுவரை சிங்கப்பூரில் ஒரே நாளில் பதிவான மிகக் கூடுதலான மழை அதுவே. நம் நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையின் சராசரி ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் என்பதை நினைத்தால், அதில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில் ஒரே நாளில் கொட்டியது என்பது விளங்கும். எழுவர் உயிரிழந்தனர். அந்த வெள்ளத்தில் என் தந்தையார் கோடு போடவில்லை. கதவு நிலையே சாய்ந்துவிட்டது.

பிற்காலத்தில் இடப்பெயர்களை ஆராயத் தொடங்கியபோதுதான், பாய லேபார் என்ற பெயரின் பொருள் என் மனத்தில் தைத்தது. ‘பாயா’ என்றால் சதுப்பு. ‘லேபார்’ என்றால் அகன்றது. அகன்ற சதுப்பு. அங்கே முதலில் குடியேறியவர்கள் தாம் கண்ட நிலத்தின் தன்மையைப் பெயராக வைத்துவிட்டுச் சென்றார்கள். அந்தப் பெயர் ஓர் எச்சரிக்கைப் பலகை. அதை வாசிக்கும் மொழியறிவு நம்மில் பலருக்கு இல்லாமல் போயிற்று.

தேக்காவின் அடியில் ஓடும் நீர்

நாம் நாள்தோறும் நடமாடும் லிட்டில் இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். அதைத் தேக்கா என்று தமிழர் உரிமையோடு அழைக்கிறோம். சொல் தமிழன்று, ஹொக்கியன் மொழியில் சிறுமூங்கிலின் அடி என்று பொருள்படும் ‘தெக் கியா கா’ என்பதன் திரிபு. ரோச்சோர் ஆற்றோரம் மூங்கில் வளர்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் அதே இடத்தைக் ‘கண்டாங் கெர்பாவ்’ என்றார்கள். எருமைப்பட்டி என்பது பொருள். எருமை இருக்க வேண்டுமானால் புல் வேண்டும். அது புரளச் சேறும் நீரும் வேண்டும். மாட்டு வாணிபம் இங்கே தழைத்ததற்கு ஆற்றோரத்து ஈரநிலம் முக்கியக் காரணம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற தெருப்பெயர்கள் அந்த நினைவின் மிச்சம். 19ஆம் நூற்றாண்டில் சூளைகள் இருந்ததால் தமிழர் இப்பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றும் வழங்கினர். கம்பம் என்பது ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லை நம் முன்னோர் தமிழாக்கிக்கொண்ட வடிவம். சிராங்கூன் என்ற பெயரே ‘ரங்கோங்’ என்னும் சதுப்புநிலப் பறவையிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு.

மூங்கில், எருமை, சதுப்புப் பறவை: இம்மூன்று பெயர்களும் நீரையே சுட்டுகின்றன. ஒருவர் சொன்னதை மற்றவர் மொழிபெயர்க்கவில்லை. தத்தம் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார்கள். தனித்தனியாகக் கிடைத்த சான்றுகள் ஒரே முடிவைக் காட்டினால் அம்முடிவு வலுவானது என்பது ஆராய்ச்சி நெறி. அவ்வகையில் தேக்காவின் பெயர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், அது ஆற்றின் தாழ்கரை என்பது தெளிவாகிறது.

பெயரை மாற்றினால் என்ன நேரும் என்பதற்கும் தேக்காவே எடுத்துக்காட்டு. 1982இல் புதிய சந்தைக் கட்டடம் திறந்தபோது, அதே ஹொக்கியன் பெயரை மாண்டரின் ஒலிப்பில் ‘ஜூஜியாவ் நிலையம்’ என்று எழுதினார்கள். பலருக்கு அது வாயில் வரவில்லை. வந்தவர்களுக்கும் பழைய இடத்தோடு அதைப் பொருத்திப் பார்க்க முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் தேக்கா நிலையம் என்ற பெயர் மீண்டது. ஒரு பெயர் மக்கள் வாயில் வாழும்வரைதான் அது சுமக்கும் நினைவும் வாழும்.

கோடு விதியாகும்போது

இனி நம் நாட்டில் வெள்ள வரைபடம் எவ்வாறு விதியாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1970களில் சிங்கப்பூரில் வெள்ளம் வரக்கூடிய நிலப்பரப்பு ஏறத்தாழ 3,200 ஹெக்டர். இன்று அது 30 ஹெக்டருக்கும் குறைவு. ஆறுகளை அகலப்படுத்தியும், புக்கிட் தீமா வெள்ளத்தை உலு பாண்டான் பக்கம் திருப்பியும், 2008இல் மரீனா அணைக்கட்டைத் திறந்தும் எய்திய பயன் இது. அந்த அணைக்கட்டு, கடல் ஏற்றத்தின்போது உப்பு நீரை வெளியே நிறுத்திவிட்டு, ராட்சத இறைப்பிகளால் மழைநீரைக் கடலுக்கு இறைக்கிறது. அதனால் காக்கப்படும் தாழ்ந்த பகுதிகளுள் ஜாலான் புசாரும் ஒன்று. அதாவது தேக்காவின் அடுத்த வீடு.

ஆனால் கால்வாய் வெட்டியதோடு பணி முடியவில்லை. தேசியத் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் வெள்ளப் பகுதிகளை இரு வகையாகப் பட்டியலிடுகிறது. தாழ்ந்து கிடப்பதோடு வெள்ளம் வந்த வரலாறும் உள்ள இடங்கள் ஒரு வகை. தாழ்ந்தவை அல்ல, ஆயினும் வெள்ளம் கண்டவை மற்றொரு வகை. பின்னதை ஆங்கிலத்தில் ‘ஹாட்ஸ்பாட்’ என்கிறார்கள். நீர் நிற்கும் இடத்துக்குச் சூட்டை வைத்துப் பெயரிட்ட விந்தையை மொழியியலாளன் ரசிக்கலாம். குடியிருப்பவருக்கு அது எதையும் சொல்லாது.

கட்டடம் எழுப்புவோருக்கு விதிகள் தெளிவாக உள்ளன. தரைமட்டம் இன்ன உயரத்துக்குக் குறையக்கூடாது. நிலத்தடித் தளத்துக்கு இறங்கும் வழியின் விளிம்பு அதனினும் உயர்ந்திருக்க வேண்டும். வடிகாலுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் எதையும் கட்டலாகாது. சொத்து வாங்குவோரின் வழக்கறிஞர், அந்நிலத்தில் வடிகால் ஒதுக்கீடு உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பது நடைமுறை. 2014 முதல், 0.2 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட இடத்தில் கட்டுவோர், தம் நிலத்தில் விழும் மழையின் ஒரு பகுதியைச் சற்று நேரம் தம்மிடமே தேக்கி வைத்து, மெல்ல வெளியேற்ற வேண்டும். கடலை நிரப்பி உருவாக்கும் புதிய நிலம், 2011 முதல், சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் 3 மீட்டர் அல்ல, குறைந்தது 4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் சிறப்பான விதிகள். ஆனால் இவை புதிதாகக் கட்டுவோரையே பெரிதும் கட்டுப்படுத்துகின்றன. 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை எண்ணிப் பாருங்கள். முகப்பையும் ஐந்தடிப் பாதையையும் மாற்றாமல் அவற்றின் தரையை உயர்த்துவது எளிதன்று. அக்கம்பக்கத்துப் புதுக் கட்டடங்கள் உயர உயர, பழைய தரை மேலும் தாழ்ந்ததாகிறது. அங்கே கடை வைத்திருப்பவருக்கும், மாடியில் தங்கியிருக்கும் வெளிநாட்டு ஊழியருக்கும் விதி தரும் பாதுகாப்பு குறைவு. அவர்களைக் காப்பது எச்சரிக்கை. எச்சரிக்கையின் உடல் சொல். விதி எட்டாத இடத்தில் சொல்தான் காவல் நிற்க வேண்டும். என் உரையின் மையக் கருத்து இதுவே.

வெள்ளத்துக்கு என்ன வாய்ப்பு?

அந்தக் காவலில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், குடியிருப்பாளர்களுக்கான அறிவிப்பு ஒன்றைத் தமிழாக்கித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நானும் மகிழ்ச்சியோடு எழுதிக் கொடுத்தேன்: ‘இத்தாழ்ந்த பகுதியில் கனமழையின்போது வெள்ளம் ஏற்பட வாய்ப்புள்ளது.’ இலக்கணப் பிழை ஏதும் இல்லை. நாளிதழ்களும் வானொலியும் நாள்தோறும் எழுதும் வாக்கியமே.

பின்னர் அதே பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில், நெடுங்காலம் மளிகைக்கடை நடத்திய பெரியவர் ஒருவர் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி எழுந்தார். “வாத்தியாரே, வெள்ளம் வர வாய்ப்பு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. நாலு நம்பர் விழுறதுக்குத்தான் வாய்ப்பு வேணும். வெள்ளத்துக்கு என்ன வாய்ப்பு?” என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. “தாழ்ந்த பகுதின்னு வேற போட்டிருக்கு. நாங்க என்ன தாழ்ந்துட்டோம்? பள்ளம்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். எவ்வளவு மழைக்கு எத்தனை அடி தண்ணி ஏறும், அரிசி மூட்டையை எப்பத் தூக்கணும், அதைச் சொல்லுங்க. மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. வாய்ப்பு என்பது நன்மை கைகூடும் தறுவாயைக் குறிக்கும் சொல். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அதை வைத்துப் பழகிவிட்டோம். தீமைக்கும் அதையே சொல்கிறோம். ‘வெள்ளம் வரக்கூடும்’ என்ற இரு சொற்கள் போதும். ‘தாழ்ந்த’ என்பதில் நிலத்தின் உயரமும் மனிதரின் மதிப்பும் கலந்து கிடக்கின்றன. ‘பள்ளமான’ என்பதில் அக்கலப்பு இல்லை. மிக முக்கியமாக, என் வாக்கியத்தில் இடமும் இல்லை, அளவும் இல்லை, நேரமும் இல்லை, செய்ய வேண்டிய செயலும் இல்லை. என் தந்தையாரின் கரிக்கோட்டில் இவற்றுள் பாதியாவது இருந்தது.

சொல் மழுங்கினால் எச்சரிக்கையும் மழுங்கும் என்பதற்கு நாடறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2010 ஜூன் 16 அன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் வெள்ளம் புகுந்தது. ஒரு மதகுக் குழாயில் குப்பைகூளம் அடைத்துக்கொண்டதால் ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் நீர் கரைகடந்து, கடைத்தொகுதிகளின் அடித்தளங்களுக்குள் பாய்ந்தது. பின்னர் அச்சாலையையே உயர்த்தினார்கள். 2011 டிசம்பரில் அங்கே ஒரு கட்டடத்தில் மீண்டும் நீர் நின்றபோது, அது வெள்ளமன்று, நீர்த்தேக்கம் மட்டுமே என்ற பொருளில் அதிகாரத் தரப்பிலிருந்து ஒரு சொல் வந்தது. பொதுமக்கள் அச்சொல்லைப் பகடி செய்தார்கள். 2012 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அன்றைய சுற்றுச்சூழல், நீர்வள அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது என்றும், தம்மைப் பொறுத்தவரை அது வெள்ளமே என்றும் வெளிப்படையாகக் கூறினார்.

அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். நிலத்தின் வழியே வழிந்து வந்த நீரும், ஓரிடத்தில் விழுந்து அங்கேயே நின்ற நீரும் பொறியாளருக்கு வேறு வேறாக இருக்கலாம், பரிகாரமும் வேறாகலாம். ஆனால் நனைந்த சரக்கைத் தூக்குபவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. அதன் பிறகு ஸ்டாம்ஃபர்ட் நீர்த்தேக்கத் தொட்டியும் திசைதிருப்புக் கால்வாயும் கட்டப்பட்டு 2018இல் நிறைவுற்றன. தொட்டியின் கொள்ளளவு 38,000 கனமீட்டர். வெள்ளத்தை வெள்ளம் என்று ஒப்புக்கொண்ட பிறகே இத்தகைய பணிகளுக்குப் பொதுமக்களின் நம்பிக்கை கிடைக்கும்.

நிலமும் பொழுதும்

இன்னொரு சொல்லையும் நான் இங்கே குறிப்பிட வேண்டும். ‘நூறாண்டு வெள்ளம்’ என்கிறார்கள். கேட்பவர், நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும், சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று எண்ணிக்கொள்கிறார். அதன் உண்மைப் பொருள் வேறு. அந்த அளவு வெள்ளம் ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒன்று என்ற விகிதத்தில் நிகழக்கூடும் என்பதே அது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 30 ஆண்டுகளில் அத்தகைய வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் நிகழ்தகவு நூற்றுக்கு 26. வீவக வீட்டின் குத்தகைக் காலமான 99 ஆண்டுகளில் அது நூற்றுக்கு 63. வந்து போன வெள்ளத்துக்கு நினைவாற்றல் இல்லை. அடுத்த ஆண்டே மீண்டும் வரலாம்.

தொல்காப்பியர் முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாக வகுத்தார். நிலத்தை மட்டும் சொன்னால் திணை முழுமையாவதில்லை. எப்பொழுது என்பதும் வேண்டும். இடர் வரைபடத்துக்கும் இது பொருந்தும். இடத்தை நிறத்தால் காட்டிவிட்டுக் காலத்தைக் காட்டாத வரைபடம் பாதி வரைபடமே. நம் தீவில் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் சராசரிக் கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. 2024இல் வெளியான நாட்டின் பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. இன்று ஒருவர் வாங்கும் புதிய வீவக வீட்டின் குத்தகை முடியுமுன் அந்த நாள் வந்துவிடும்.

அக்கரையிலிருந்து இரு பாடங்கள்

தமிழ் வழங்கும் பிற நிலங்களில் நேர்ந்தவற்றையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது சென்னை. நீர்நிலைகளுக்குத் தமிழில் உள்ள பெயர்வளம் வியப்பூட்டுவது: ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், ஊருணி, ஓடை, கழுவெளி. ஒவ்வொன்றும் நீரின் அளவையும் பயனையும் வேறுபடுத்திக் காட்டும். சிறிய ஏரியைத் தாங்கல் என்பர். பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயரில் அது இன்றும் ஒலிக்கிறது. தியாகராய நகர் 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியின் படுகையில் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. வள்ளுவர் கோட்டம் 1976இல் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில் எழுந்தது. 2008இல் நடப்புக்கு வந்த சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம், பள்ளிக்கரணைச் சதுப்பிலும் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குள் சதுப்பின் பெரும்பகுதி சுருங்கிவிட்டது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றதை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். நம்மில் பலர் உறவினரைத் தொலைபேசியில் அழைத்தபடி உறங்காமல் இருந்தோம். அங்கே சொல் இருந்தது. மக்கள் அறிந்த மொழியிலேயே இருந்தது. பெயரைச் சான்றாக ஏற்கும் விதிதான் மிகத் தாமதமாக வந்தது.

இரண்டாவது, இலங்கையின் மலையகம். அங்கே தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் மண்சரிவு இடர் வலய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் அப்பணி தொடங்கியது. சரிவு, மண்ணின் கனம், பாறையின் அமைப்பு, நீர் வடியும் வழி, நிலப் பயன்பாடு ஆகியவற்றைக் கணித்து ஒவ்வொரு சரிவுக்கும் ஆபத்தின் அளவைக் குறிக்கும் உயர்ந்த பணி அது. பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தை தோட்டம் ஆபத்தானது, அங்குள்ளோர் இடம்பெயர வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தது. லயன் அறைகள் மண்ணில் புதைந்தன. புதைந்தவர்கள் தேயிலை பறித்துப் பிழைத்த தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். எல்லா உடல்களும் மீட்கப்படவில்லை.

அங்கே வரைபடமும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. இல்லாமற் போனது, போவதற்கு ஓர் இடம். லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை. ‘இங்கே இராதே’ என்று மட்டும் சொல்லி, ‘அங்கே இரு’ என்று சொல்லாத வாக்கியம் முடிவு பெறாத வாக்கியம். சொல்லின் ஆற்றலைப் பேச வந்த நான், அதன் எல்லையையும் மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவன். சொல் மட்டும் எவரையும் காப்பாற்றாது. ஆனால் நிலம் தரும் பொறுப்பு யாருடையது என்று கேட்பதற்கும் முதலில் அந்தச் சொல் மக்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.

மூன்று நாடுகள், ஒரே தமிழ்

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் நிலச்சரிவு என்பதை இலங்கையில் மண்சரிவு என்கிறார்கள். தமிழ்நாட்டில் பேரிடர் மேலாண்மை. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவம். நாமோ பேரிடர் என்றும் பேரழிவு என்றும் மாறிமாறி எழுதுகிறோம். வட்டார வழக்குகள் வாழட்டும். அவற்றை ஒன்றாக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. ஆனால் இரண்டு பொருள்களை மட்டும் எங்கும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று விழைகிறேன். இயற்கையில் உள்ள ஏது ஒன்று. அதனால் மனிதருக்கு நேரக்கூடிய கேடு மற்றொன்று. முன்னதை இடர் என்றும் பின்னதை ஆபத்து என்றும் வழங்கலாம். ஆளில்லாச் சதுப்பில் நீர் நிற்பது இடர்; அதே சதுப்பில் வீடு கட்டிய நாள்முதல் அது ஆபத்து. மழையை நாம் தடுக்க இயலாது. எங்கே கட்டுவது என்பது நம் கையில் உள்ளது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், மனிதர் செய்த பிழையையும் வானத்தின்மேல் ஏற்றிவிடுவோம்.

வெள்ளம் என்ற சொல்லிலும் ஓர் இருமை உண்டு. தமிழில் அது கேட்டை மட்டும் குறித்ததில்லை. பேரெண் ஒன்றின் பெயராகவும் பழந்தமிழில் வழங்கியது. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கை விழாவாகக் கொண்டாடுகிறோம். நீர் பெருகுவதை மங்கலமாகக் கண்ட பண்பாடு நம்முடையது. அந்த மங்கலத்துக்கு ஒரு முன்நிபந்தனை இருந்தது: பெருகும் நீருக்கென்று படுகையை விட்டுவைத்தார்கள். வடிகால் ஒதுக்கீட்டு நிலம் என்று இன்றைய விதி சொல்வதும் அதைத்தான்.

செய்யக்கூடியவை

நிறைவாக, நம் போன்றோர் செய்யக்கூடிய சில பணிகளைச் சொல்லி அமைகிறேன்.

முதலாவதாக, கம்பங்களில் வாழ்ந்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அவர்கள் பள்ளத்தையும் மேட்டையும் என்ன பெயரிட்டு அழைத்தார்கள், எந்த ஆண்டில் நீர் எதுவரை வந்தது என்பதை மாணவர்கள் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தாத்தா பாட்டியிடம் ஒருநாள் மாலை அமர்ந்து கேட்டால் போதும். அளவைக் கருவி பதியாத இடங்களில் அவர்களுடைய நினைவே பதிவு.

இரண்டாவதாக, வெள்ள எச்சரிக்கையைத் தமிழாக்குவோர் ஒவ்வொரு வாக்கியத்திலும் நான்கு வினாக்களுக்கு விடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: எங்கே, எவ்வளவு, எப்பொழுது, என்ன செய்வது. அதை முதலில் ஒரு கடைக்காரரிடமும், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உழைக்கும் ஊழியர் ஒருவரிடமும் படித்துக் காட்டி, அவர்கள் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அகராதியைவிட அது நம்பகமான தேர்வு.

மூன்றாவதாக, வெள்ளம் வந்த பழைய தெருக்களில், நீர் நின்ற உயரத்தை ஒரு தூணில் கோடிட்டு, ஆண்டைக் குறித்து, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் எழுதி வைக்கலாம். அது சொத்தின் விலையைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் விற்பவர் அறிந்திருக்க, வாங்குபவர் அறியாதிருப்பது நேர்மையான வாணிபம் ஆகாது. நூறாண்டுக்கு மேல் வாணிபத்துக்குப் பெயர்போன தேக்காவில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ரோச்சோர் கால்வாயோரம் நடந்துகொண்டிருந்தேன். 2015இல் அதைச் செப்பனிட்டு, செடிகொடிகள் வைத்து, நடைபாதை அமைத்து அழகாக்கியிருக்கிறார்கள். எதிரே வந்த இளைஞர் ஒருவர், ஊருக்குப் புதியவர் போலும், இது என்ன ஆறு என்று தமிழில் கேட்டார். பெயரைச் சொன்னேன். அதோடு, இங்கே மூங்கில் இருந்தது, எருமைகள் கிடந்தன, பெருமழையில் நீர் தெருவுக்கு ஏறும் என்றும் சொன்னேன். அவர் ஒருகணம் கால்வாயின் விளிம்பையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தார். “எங்க ஊர்லயும் ஏரிக்குள்ளதான் வீடு கட்டியிருக்காங்க, சார்” என்றார்.

அவர் பார்த்த அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. இரண்டு உயரங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் கண்ணால் அளந்தார். என் தந்தையார் கரிக்கட்டியால் செய்ததும் அதுவே. அந்தக் கோட்டுக்கு அருகே, படிக்கத் தெரிந்த அனைவரும் படிக்கும்படி, உண்மையான சொல்லை எழுதிவைப்பது நம் பணி.